உங்கள் வீட்டில் ஒரு செண்பகம்

வாசலில் பூக்காரி வந்து நிற்கிறாள். கூடையில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பாருங்கள். மல்லிகை இருக்கும், முல்லை இருக்கும், கனகாம்பரம், கதம்பம், பருவத்துக்கு ஏற்ப ஜாதி, மருக்கொழுந்து எல்லாம் இருக்கும். முழம் என்ன விலை என்று பேரம் பேசி வாங்கிக் கொள்ளலாம். "செண்பகம் இருக்கிறதா அம்மா?" என்று கேட்டுப் பாருங்கள். உங்களை ஏற இறங்கப் பார்ப்பாள். "அதெல்லாம் எங்கே தாயி வருது?" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடையைக் கட்டிவிடுவாள்.

அவள் மேல் குற்றம் இல்லை. மல்லிகை மொட்டைக் காலையில் பறித்தால் மாலை வரை காத்திருந்து, நம் தலையில் ஏறிய பிறகு சாவகாசமாக மலரும். செண்பகத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது. விடியற்காலையில் தங்கம் போல் இருக்கும் பூ, வெயில் ஏறிக் கை பட்டுக் கசங்கினால் பழுப்பு நிறமாகிவிடும். கூடையில் குவித்துத் தெருத் தெருவாகச் சுமந்து விற்க ஏற்ற சரக்கு அல்ல அது. ஆகையால்தான் சொல்கிறோம்: மல்லிகையை வாங்கிக் கொள்ளலாம், செண்பகத்தை வளர்த்துத்தான் ஆகவேண்டும்.

"வளர்ப்பதா? அது ஆகாசத்தைத் தொடும் மரமாயிற்றே! எங்கள் வீட்டில் துளசி மாடத்துக்கே இடம் போதவில்லை" என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. உண்மைதான். காட்டில் வளரும் செண்பகம் 100 அடியையும் தாண்டிப் போகும். ஆனால் வீட்டுச் செண்பகத்தைப் பத்துப் பன்னிரண்டு அடிக்குள் அடக்கி வைக்க வழி உண்டு. அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

பிரெஞ்சுக்காரர் பெயரும் நம் ஊர்ப் பூவும்

மேல்நாட்டுப் பத்திரிகைகளிலும் சினிமாக்களிலும் "மக்னோலியா" என்ற பூவைப் பார்த்திருப்பீர்கள். இலையே இல்லாத கிளைகளில் வெள்ளையும் ரோஜா நிறமுமாகக் கிண்ணம் கிண்ணமாகப் பூத்து நிற்கும். "அடடா, நம் ஊரில் இப்படி ஒரு மரம் இல்லையே!" என்று பெருமூச்சு விட்டவர்களும் இருப்பீர்கள். பெருமூச்சு வேண்டாம். நம் செண்பகம் அந்தக் குடும்பத்துப் பெண்தான்!

1753-ல் லின்னேயஸ் என்ற ஸ்வீடன் தேசத்துத் தாவர விஞ்ஞானி செண்பகத்துக்கு "மைக்கேலியா சம்பகா" என்று பெயர் சூட்டினார். மைக்கேலி என்பவர் இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்துத் தாவர நிபுணர். பிறகு வந்த விஞ்ஞானிகள் பூவையும் மரபணுவையும் ஆராய்ந்து பார்த்து, "மைக்கேலியா தனிக் குடும்பம் நடத்த நியாயம் இல்லை, அது மக்னோலியாவோடு சேர்ந்ததே" என்று தீர்ப்புச் சொன்னார்கள். ஆகவே இன்று செண்பகத்தின் சாஸ்திரப் பெயர் "மக்னோலியா சம்பகா". மக்னோல் என்பவர் 1638 முதல் 1715 வரை வாழ்ந்த பிரெஞ்சுக்காரர். மோன்பெலியே நகரத்தில் தாவர சாஸ்திரம் கற்பித்தவர். பிரெஞ்சுக்காரர் வீட்டுப் பெயர் முதலில் வந்தாலும், "சம்பகா" என்று நம் பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. புக்ககம் மாறினாலும் பிறந்த வீட்டுப் பெயரை விடவில்லை!

அந்தப் பிறந்த வீடு மிகவும் பழையது. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் பறித்துக் குவிக்கும் பூக்களின் நீண்ட பட்டியல் வருகிறது அல்லவா? அதில் "சண்பகம்" உண்டு. கும்பகோணத்துக்கு அருகில் திருநாகேசுவரத்தில் தல விருட்சம் செண்பகம். மன்னார்குடிக்குச் செண்பகாரண்யம் என்றே ஒரு பெயர். அங்கே தாயார் செண்பகலக்ஷ்மி. கோவில்பட்டியில் அம்பாள் செண்பகவல்லி. குற்றாலத்தில் மலை ஏறிப் போனால் செண்பகாதேவி அருவி. இவ்வளவு இருந்தும், "செண்பகப் பூவைப் பார்த்திருக்கிறாயா?" என்று நகரத்துப் பெண் குழந்தையைக் கேட்டால், "பாட்டி பெயர் செண்பகம்" என்றுதான் பதில் வருகிறது!

பெயர்க் குழப்பம் ஜாக்கிரதை!

மரம் வாங்கப் போகுமுன் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக் கொள்ளுங்கள். செண்பகத்தின் பெயரைப் பல பூக்கள் கடன் வாங்கியிருக்கின்றன.

தெலுங்கில் "சம்பங்கி" என்றால் செண்பகம். கன்னடத்தில் "சம்பிகே" என்றாலும் செண்பகம்தான். பெங்களூர் மல்லேசுவரத்தில் சம்பிகே ரோடு என்று ஒரு பெரிய தெருவே இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் "சம்பங்கி" என்று கேட்டால், கிழங்கிலிருந்து முளைத்து நீண்ட தண்டில் வெள்ளையாகப் பூக்கும் மாலைப் பூவைக் கொடுப்பார்கள். அதற்கும் இதற்கும் உறவு கிடையாது. வட இந்தியாவில் "சம்பா" என்று சொல்வது பல சமயம் கோவில் வாசலில் நிற்கும் பால் வடியும் ஈழத்தலரியை. மனோரஞ்சிதத்தையும் அங்கே ஒரு வகைச் சம்பாவாகச் சொல்வதுண்டு.

செண்பகத்திலேயே இரண்டு உண்டு. ஒன்று மஞ்சளிலிருந்து ஆரஞ்சு வரை போகும் பொன் செண்பகம். இன்னொன்று ஒல்லியான இதழ்களோடு தந்த நிறத்தில் பூக்கும் வெள்ளைச் செண்பகம். வெள்ளைச் செண்பகம் பொன் செண்பகத்துக்கும் அதன் உறவு மரம் ஒன்றுக்கும் பிறந்த கலப்பு; விதை பிடிப்பது அபூர்வம். எனவே அதைப் பதியன் போட்டோ ஒட்டுக் கட்டியோதான் பெருக்குகிறார்கள்.

மேல்நாட்டு மக்னோலியாவின் படத்தைப் போட்டு, "எந்த ஊரிலும் பூக்கும்" என்று இணையத்தில் விற்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்தப் படத்தில் இருப்பது, குளிர் காலத்தில் இலை உதிர்த்துத் தூங்கி, வசந்தத்தில் விழிக்கும் ஜாதி. சென்னையிலும் மதுரையிலும் அந்தக் குளிருக்கு எங்கே போவது? உதகை, கொடைக்கானல் வாசிகள் வேண்டுமானால் முயன்று பார்க்கலாம். சமவெளியில் இருப்பவர்களுக்கு நம் செண்பகமே உத்தமம்.

இடம்: இங்கேதான் எல்லாம் இருக்கிறது

செண்பகம் வளர்த்துப் பாதியில் இழந்த வீடுகளை எடுத்துக் கொண்டால், பூச்சியாலோ வெயிலாலோ போன மரங்கள் கொஞ்சம்தான். அரிவாளால் போனவையே அதிகம். அவற்றின் கதை ஒரே மாதிரி இருக்கும்.

ஒரு முழ உயரக் கன்று வருகிறது. "இங்கே நட்டுவிடு, சுவரோரமாக இருக்கட்டும்" என்று காம்பவுண்டுச் சுவரை ஒட்டி நடுகிறார்கள். ஐந்து வருஷம் ஒரு தொந்தரவும் இல்லை. ஆறாம் வருஷம் கிளை பக்கத்து வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிறது. ஏழாம் வருஷம் அந்த வீட்டு மாமி, "உங்கள் மரத்துச் சருகு எங்கள் தண்ணீர்த் தொட்டியில் விழுகிறதே!" என்கிறாள். எட்டாம் வருஷம் மின்சாரக் கம்பி. ஒன்பதாம் வருஷம் சுவரில் விரிசல். பத்தாம் வருஷம், "போதும் இந்த வம்பு" என்று வீட்டுக்காரர் ஆளைக் கூப்பிட்டு விடுகிறார். விதையிலிருந்து வந்த செண்பகம் பூக்கத் தொடங்கும் வயசும் ஏறக்குறைய அதுதான். அதாவது, மரம் கைம்மாறு செய்ய ஆரம்பிக்கும் சமயத்தில் அதற்குத் தண்டனை!

ஆகவே நடுவதற்கு முன்பே அளந்து கொள்ளுங்கள். சுவரிலிருந்தும் வீட்டிலிருந்தும் குறைந்தது 10 அடி தள்ளி இருக்கவேண்டும். தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர்த் தொட்டி, பூமிக்குள் போகும் குழாய் இவற்றின் பக்கமே போக வேண்டாம். தலைக்கு மேல் பாருங்கள். மின்சாரக் கம்பி போகக் கூடாது. தினம் ஐந்தாறு மணி நேரமாவது வெயில் விழவேண்டும். முழு நிழலில் வைத்தால் மரம் வெளிச்சத்தைத் தேடி ஒட்டகம் மாதிரிக் கழுத்தை நீட்டும், பூ குறையும். கடற்கரையை அடுத்து இருப்பவர்கள், உப்புக் காற்று நேராக மோதாமல் வீட்டின் மறைவில் நடுவது நல்லது.

கிழக்குப் பக்கமோ, படுக்கை அறை ஜன்னலுக்குக் கொஞ்சம் எட்டியோ இடம் கிடைத்தால் பாக்கியம். இந்தப் பூவின் மணம் அந்தியிலும் விடியலிலும் தூக்கலாக இருக்கும். ஜன்னலை ஒட்டி வேண்டாம், மணம் அடர்த்தியானது. சிலருக்குத் தலைவலி வந்துவிடும்.

விதைக் கன்றா, ஒட்டுக் கன்றா?

நர்ஸரிக்குப் போகிறீர்கள். ஒரே உயரத்தில் இரண்டு கன்றுகள். ஒன்று மலிவு, இன்னொன்று சில மடங்கு விலை. எதை வாங்குவது?

மலிவானது விதையிலிருந்து முளைத்தது. அது பூக்க ஏழெட்டு வருஷம் பிடிக்கும். சில சமயம் பத்தும் ஆகும். தாய் மரத்துப் பூவின் நிறமும் மணமும் அப்படியே வரும் என்று சொல்லவும் முடியாது. விலை கூடியது ஒட்டுக் கன்று. பூத்துப் பழகிய மரத்தின் கிளையை இளங்கன்றின் மேல் ஒட்டியது. இரண்டு மூன்று வருஷத்திலேயே பூக்கும். விதை மரத்தைப் போல உயரமாக ஓடாது. தாய் மரத்துப் பூவையே கொடுக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் பெண்ணுக்கு இப்போது ஐந்து வயசு என்றால், ஒட்டுக் கன்றின் முதல் பூவை அவள் இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு படிக்கும்போது தலையில் வைத்துக் கொள்வாள். விதைக் கன்று என்றால் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் சமயத்தில். வீட்டில் எழுபது வயசுப் பாட்டி இருந்து, "ஒரு செண்பகம் வை அம்மா" என்று கேட்டால், தயவு செய்து விலையைப் பார்க்காதீர்கள். ஒட்டுக் கன்றையே வாங்குங்கள்.

வியாபாரி "ஒட்டுத்தான்" என்று சொன்னால் மட்டும் போதாது. கன்றைக் கையில் எடுத்துத் தண்டின் அடியைப் பாருங்கள். மண்ணுக்குச் சற்று மேலே முடிச்சு மாதிரியோ, சாய்வான தழும்போ இருக்கவேண்டும். அங்கே இரண்டு தண்டு சேர்ந்த அடையாளம் தெரியும். தண்டு அடி முதல் நுனி வரை ஒரே சீராக இருந்தால் அது விதைக் கன்று. இன்னும் நல்லது, மொட்டோ பூவோ இருக்கும் கன்றாகப் பார்த்து வாங்குவது. பேச்சு மாறும், பூ மாறாது.

விதை போட்டே தீருவேன் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காய் வெடித்தால் உள்ளே சிவப்பு நிறச் சதை மூடிய விதைகள் தெரியும். பறவைகள் கொத்திப் போவதற்குள் எடுத்து, சதையைத் தேய்த்துக் கழுவி, உடனே போட்டுவிட வேண்டும். வெண்டை விதை, கத்தரி விதை போலக் காயவைத்துப் பொட்டலம் கட்டி அடுத்த வருஷத்துக்கு எடுத்து வைத்தால் முளைக்காது. செண்பக விதையின் உயிர் சில வாரங்களுக்குள் போய்விடும்.

குழியும் மண்ணும்

நீளம், அகலம், ஆழம் மூன்றும் 2 அடி இருக்கும்படி குழி வெட்டுங்கள். வெட்டிய பிறகு ஒரு குடம் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். சில மணி நேரத்தில் வடிந்தால் சரி. மறுநாள் காலை வரை குளம் கட்டி நின்றால் அந்த இடம் ஆகாது. செண்பகத்தின் வேர் சதைப்பற்றானது. தேங்கிய நீரில் அழுகிவிடும். வேறு இடமே இல்லை என்றால், தரையை விட ஒரு அடி உயரமாக மேடு கட்டி அதில் நடலாம்.

மேல் மண், செம்மண், நன்றாக மக்கிய தொழு உரம் இவற்றைச் சமபங்கு கலந்து, களிமண் பூமியாக இருந்தால் கொஞ்சம் மணலும் சேர்த்துக் குழியை நிரப்புங்கள். வீடு கட்டி மிஞ்சிய சுண்ணாம்பு, சிமெண்ட், செங்கல் தூள் இவற்றைப் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். செண்பகத்துக்குக் கொஞ்சம் புளிப்பான மண்தான் பிடிக்கும், சுண்ணாம்பு பகை.

நடுவதற்கு ஏற்ற காலம் மழையின் தொடக்கம். ஆடியிலிருந்து புரட்டாசிக்குள் நட்டுவிட்டால், ஐப்பசி அடைமழைக்கு முன் வேர் பிடித்துக் கொள்ளும். பையைக் கிழிக்கும்போது மண் கட்டி உடையக் கூடாது. வேரைக் கலைப்பதை இந்த மரம் பொறுக்காது. ஒரு தடவை நட்ட பிறகு, "இங்கே வேண்டாம், அங்கே வைக்கலாம்" என்று மேஜை நாற்காலி மாதிரி இடம் மாற்றவும் கூடாது. ஒட்டு முடிச்சு மண்ணுக்கு மேலேயே இருக்கட்டும். முடிச்சுக்குக் கீழே முளைக்கும் துளிரை அவ்வப்போது கிள்ளி எறியுங்கள். விட்டால் அடிக்கன்று மேலோங்கி, ஒட்டின கிளை பட்டுப் போகும்.

முதல் இரண்டு கோடையும்தான் பரீட்சை. வெயில் காலத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு வாளி தண்ணீர் வேண்டும். அடியில் காய்ந்த இலை, தென்னை நார் எதையாவது நாலு அங்குலம் பரப்பி வைத்தால் ஈரம் நிற்கும். தண்டை மட்டும் அது தொடாமல் பார்த்துக் கொள்ளுங்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை ஒரு கூடை மக்கிய எரு போதும். மண்வெட்டியால் அடியை ஆழக் கொத்தாதீர்கள்; வேர் மேலாகவே ஓடுகிறது.

சின்ன மரமாக வைத்திருக்கும் வித்தை

மரத்தைச் சிறியதாக வைக்கவேண்டும் என்றால், சிறு வயசிலேயே சொல்லி வைக்கவேண்டும். கன்று 5 அல்லது 6 அடி வளர்ந்ததும் நடுக் குருத்தின் நுனியை வெட்டிவிடுங்கள். பக்கக் கிளைகள் பிரியும். அவற்றில் நாலைந்தை நிறுத்திக் கொண்டு, ஒவ்வொன்றும் இரண்டடி நீண்டதும் நுனியைக் கிள்ளுங்கள். பிறகு ஆண்டுதோறும் பூக்காலம் ஓய்ந்தபின் ஒரு முறை, உயர ஓடும் கிளைகளை மட்டும் குறைத்து வந்தால் பன்னிரண்டு அடிக்குள் குடை போல நிற்கும்.

செண்பகம் இலைக் கக்கத்தில் பூக்கிறது. எத்தனை புதுத் துளிரோ அத்தனை பூவுக்கு இடம். ஆகவே இப்படி நுனி கிள்ளுவதால் நஷ்டம் இல்லை. கைக்கு எட்டும் உயரத்தில் பூ கிடைப்பதுதான் லாபம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். மக்னோலியா குடும்பத்துக்குப் பெரிய காயம் சீக்கிரம் ஆறாது. பத்து வருஷம் சும்மா விட்டுவிட்டு, ஒரு நாள் கோபம் வந்து தொடைப் பருமன் கிளையை வெட்டினால் அந்த இடத்தில் அழுகல் இறங்கிவிடும். விரல் பருமனிலேயே வெட்டிவிட வேண்டும்.

தோட்டமே இல்லாத அடுக்கு மாடி வீட்டுக்காரர்கள் மனம் தளர வேண்டாம். ஒட்டுக் கன்றை 18 அங்குல வாயகலத் தொட்டியிலோ, பாதியாக வெட்டிய பீப்பாயிலோ வளர்க்கலாம். அடியில் தாராளமாகத் துவாரம் வேண்டும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை மண்ணை மாற்ற வேண்டும். தொட்டி மரம் நூற்றுக் கணக்கில் பூக்காது. சுவாமிக்கு ஒன்று, தலைக்கு ஒன்று என்று கொடுக்கும். ஒரு வீட்டுக்கு அது போதாதா?

மஞ்சள் இலை, மாவுப் பூச்சி, பச்சைப் புழு

நகரத்துச் செண்பகத்துக்கு வரும் முக்கிய வியாதி, இளம் இலை மஞ்சளாகிவிடுவது. நரம்பு மட்டும் பச்சையாக இருக்கும். நரம்புகளுக்கு நடுவே வெளுத்துப் போயிருக்கும். நம் வீட்டுப் பெண்களுக்கு ரத்த சோகை வருவதில்லையா? இதுவும் இரும்புச் சத்துக் குறைவுதான். மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. ஆழ்குழாய்க் கிணற்று உப்புத் தண்ணீரும் சுண்ணாம்பும் சேர்ந்து, வேர் அதை எடுத்துக் கொள்ள விடாமல் தடுக்கின்றன. நாட்டு மருந்துக் கடையிலோ உரக் கடையிலோ அன்னபேதி கிடைக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் கரைத்து, சில சொட்டு எலுமிச்சம் பழச் சாறு விட்டு, மாலை வேளையில் இலை நனையத் தெளியுங்கள். பத்துப் பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று தடவை செய்தால் புதுத் துளிர் பச்சையாக வரும். சுவரிலும் தரையிலும் படாமல் தெளிக்கவேண்டும். துருக் கறை போகாது. மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றுவதும், இலை மக்கிய உரம் போடுவதும் நிரந்தர வைத்தியம்.

கிளையில் எறும்பு சாரி சாரியாக ஏறுகிறதா? மேலே செதில் பூச்சியோ மாவுப் பூச்சியோ இருக்கிறது என்று அர்த்தம். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், அது கரையக் கொஞ்சம் சோப்பு, இரண்டையும் கலந்து வாரம் ஒரு முறை அடித்தால் அடங்கிவிடும்.

ஆனால் இலையைக் கடித்துத் தின்னும் பச்சை நிறப் புழுவைக் கண்டால் மருந்தை எடுக்க ஓடாதீர்கள். கறுப்பு இறகில் பச்சைப் புள்ளிகளோடு படபடவென்று பறக்கும் வாலுள்ள வண்ணத்துப் பூச்சியைப் பார்த்திருப்பீர்கள். நெட்டிலிங்கம், சீதா, செண்பகம் ஆகிய மரங்களின் இலையில்தான் அது முட்டை இடுகிறது. நாலு இலை போனால் மரம் ஏழையாகிவிடாது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் கூப்பிட்டுக் காட்டுங்கள். புழு கூடு கட்டி, ஒரு நாள் காலையில் இறகு விரிப்பதைப் பார்த்த குழந்தை பிறகு மரத்தில் கல் எறியாது.

பழைய புலவர்கள் செண்பகத்திடம் வண்டு போவதில்லை என்று பாடி வைத்தார்கள். மக்னோலியா குடும்பம் தேனீக்களை நம்பி உண்டான குடும்பம் அல்ல. பூமியில் தேனீக்கள் பெருகுவதற்கு முன்பே தோன்றிய மிகப் பழைய வம்சம் அது. மகரந்தத்தைத் தின்ன வரும் ஓடுள்ள சிறு வண்டுகளைக் கொண்டே காரியத்தை நடத்திக் கொள்கிறது. ரீங்காரம் செய்யும் கூட்டம் வராததைப் பார்த்துப் புலவர்கள் சொன்னது நியாயம்தான்.

"செண்பகம் வைத்தால் பாம்பு வருமாமே?" இந்தக் கேள்வி இல்லாமல் வாசனை மரத்தைப் பற்றிய பேச்சு முடியாது. பூவை மோந்து ரசிக்கப் பாம்பு வருவதில்லை அம்மா! அது எலிக்கும் தவளைக்கும் வருகிறது; அடுக்கி வைத்த செங்கல்லுக்கும் மட்டைக்கும் நடுவே ஒளிய வருகிறது. அடிமரத்தைச் சுற்றிக் குப்பை சேராமல் வைத்திருந்தால் பயம் இல்லை.

பிறந்த வீட்டு மரம்

கடைசியாக ஒரு விஷயம். இதைப் படிக்கிறவர்களில் சிலருக்கு ஊரில், பிறந்த வீட்டுக் கொல்லையில், ஒரு செண்பகம் இருக்கும். அம்மா நட்டதோ, அம்மாவின் மாமியார் நட்டதோ. இப்போது அண்ணா தம்பிகள் பேசி வீட்டை விற்கப் போகிறார்கள். அல்லது இடித்து அடுக்கு மாடி கட்டப் போகிறார்கள். பாத்திரத்தைப் பங்கு போடுவார்கள். நகையைப் பங்கு போடுவார்கள். மரத்தை யார் கேட்கப் போகிறார்கள்? "உனக்கு என்ன வேண்டும்?" என்று உங்களைக் கேட்டால், அந்த மரத்தில் ஒரு கிளையைக் கேளுங்கள்.

விதையை எடுத்து வந்தால் அது அந்த மரத்தின் குழந்தை. வேறு முகம், வேறு குணம். ஒட்டு எடுத்து வந்தால் அது அந்த மரமேதான். அதே நிறம், அதே மணம்.

இதற்கு அவகாசம் வேண்டும். வீடு கைமாறுவதற்கு ஒரு மழைக் காலம் முன்பே தொடங்குங்கள். பென்சில் பருமன் தண்டுள்ள விதைக் கன்றுகள் மூன்று நாலு, சின்னத் தொட்டிகளில் வாங்கிக் கொள்ளுங்கள். பழைய மரத்தில் அதே பருமன் உள்ள கிளைகள் எட்டும் உயரத்தில் பரண் கட்டித் தொட்டிகளை வைக்கவேண்டும். கன்றின் தண்டிலும் கிளையிலும் இரண்டு அங்குல நீளம் பட்டையோடு மெல்லியதாகச் சீவி, சீவிய முகங்களைச் சேர்த்துவைத்து, காற்றுப் புகாமல் இறுக்கிக் கட்டவேண்டும். தொட்டியில் தண்ணீர் வற்றக் கூடாது. இரண்டு மூன்று மாதத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். அதன் பிறகு தாய்க் கிளையை ஒட்டுக்குக் கீழே முதலில் பாதி வெட்டி, சில நாள் பொறுத்து முழுவதும் வெட்டி, கன்றின் தலையையும் ஒட்டுக்கு மேலே நீக்கிவிட்டால், உங்கள் மரம் தனியாக நிற்கும். மாமரத்தில் ஒட்டுக் கட்டத் தெரிந்த எந்தத் தோட்டக்காரருக்கும் இது தெரியும். எல்லா ஒட்டும் பலிக்காது. ஆகையால்தான் மூன்று நாலு தொட்டி. எல்லாமே பலித்துவிட்டால் அக்கா தங்கைகளுக்கு ஆளுக்கு ஒன்று!

பூக்கத் தொடங்கிய பிறகு செய்ய வேண்டியது சுலபம். சூரியன் ஏறுமுன், பாதி விரிந்த பூவாகக் காம்போடு கிள்ளிக் கொள்ளுங்கள். கிளையை வளைத்து ஒடிக்காதீர்கள். ஒன்றைச் சுவாமிக்கு வையுங்கள். ஒன்றைப் பித்தளைக் கிண்ணத்துத் தண்ணீரில் மிதக்க விட்டால் கூடம் முழுவதும் மணக்கும். வாடின பூவையும் எறிய வேண்டாம். காகிதத்தில் மடித்துப் புடவைகளுக்கு நடுவே வைத்தால் சில நாள் வாசனை இருக்கும்.

கன்று வாங்குவதற்கு முன்னால் இன்று மாலை ஒரு வேலை செய்யுங்கள். தையல் பெட்டியிலிருந்து இஞ்சி டேப்பை எடுத்துக் கொண்டு தோட்டத்துக்குப் போங்கள். சுவரிலிருந்து 10 அடி, வீட்டிலிருந்து 10 அடி, தலைக்கு மேலே வானம் என்று ஓர் இடம் கிடைக்கிறதா பாருங்கள். கிடைத்தால் அங்கே ஒரு குச்சியை நட்டு வையுங்கள். கிடைக்காவிட்டால் மாடியில் வெயில் விழும் மூலையைப் பார்த்து வையுங்கள். மரம் ஐம்பது வருஷம் நிற்கக் கூடியது. அதற்கு இடம் பார்க்க அரை மணி நேரம் செலவழித்தால் அதிகம் இல்லை.